கட்டக் கட்ட ஏறிய கடன்

அத்தியாயம் 14

ஏழு வருஷக் கடன் இன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தீரப்போகிறது என்ற நினைப்பில், மூத்தவள் காபியில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டுக்கொண்டாள்.

நடுவில் நாலு வாரம் விட்டுப் போனவர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி பங்கு போட்டு நடத்தி வந்த சலவை நிலையம் அது. ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் மூட்டை மூட்டையாக அனுப்பும் துணியை வெளுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்பும் இடம். மூத்தவளின் கணவரான அண்ணன் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே தம்பி, அதாவது மூத்தவளின் கொழுந்தன், தடியான லெட்ஜர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணன் பேர்ல பதினெட்டு லட்சத்து நாப்பதாயிரம் நிக்குது அண்ணி. பாருங்க, வலது பக்கம். அவர் கம்பெனிக்குத் தரவேண்டியது. நான் கேக்கமாட்டேன். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே."

கணக்கு படிக்கத் தெரியாதவளுக்கு வலதென்ன, இடதென்ன? அவர் வாங்கியிருக்கிறார், நாம் அடைப்போம் என்று அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு வேலைக்கு வந்தாள். சம்பளத்தில் பாதி கைக்கு வரும். பாதி கடனுக்குப் போகும். ஏழு வருஷம்.

இப்போது கொழுந்தன் சலவை நிலையத்தைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்கப்போகிறான். மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்துவிடுகிறானாம். 'இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை' என்ற காகிதத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

மகளிடம் ஃபோனில் சொன்னபோது, "போட்டுட்டு வாம்மா. இந்த நாத்தம் பிடிச்ச வேலை இன்னையோட போகட்டும்" என்றாள். மகள் தெருமுனையில் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறாள். பாங்க் லோன் போட்டுத் தானாகத் திறந்த கடை. மூத்தவளுக்கு அதில் சொல்லமுடியாத பெருமை.

நாற்றம் பிடித்த வேலை என்பது மிகையில்லை. ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்தால் முதலில் மூக்குதான் பின்வாங்கும். ரத்தம் காய்ந்த விரிப்பு தனி. சீழ் பட்ட தலையணை உறை தனி. ஹோட்டல் மூட்டையில் வேறு அசிங்கங்கள். யாரோ உதட்டுச்சாயத்தைத் துடைத்த துண்டு, யாரோ வாந்தி எடுத்துச் சுருட்டிவைத்த போர்வை. முதல் மாதம் முழுக்க மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. முழங்கை வரை கையுறையைப் போட்டுக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு பிரித்துத் தள்ளுவாள். மனுஷ உடம்புதானே, என்ன செய்யும் பாவம் என்பாள்.

காலை பதினொரு மணி இருக்கும். இளையவள் அறை வாசலில் வந்து நின்றாள். கொழுந்தனின் மனைவி. ஓரகத்திகள் இருவருக்கும் இடையே ஒரு நாளும் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. முந்தானையோ கைக்குட்டையோ மூக்கில் வைக்காமல் அவள் அந்த வாசலுக்கு வந்ததில்லை. இன்றைக்குக் கைக்குட்டை.

"அக்கா, கொஞ்சம் ஆபீசுக்கு வாங்களேன். சோப்புக்காரர் வந்து கத்துறார்."

"நான் வந்து என்ன செய்யறது? துணியா எண்ணணும்?"

"இவர் வக்கீல் ஆபீஸ்ல இருக்கார். கணக்கர் பாங்க்குக்குப் போயிருக்கார். பாக்கி எவ்வளவுன்னு புக்கைப் பார்த்துச் சொல்லணுமாம். எனக்கு அந்தப் புக்கைப் பார்த்தாலே தலை சுத்தும்."

"எனக்கு மட்டும் சுத்தாதாக்கும்!"

ஆனாலும் கையுறையைக் கழற்றி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு போனாள்.

ஆபீஸ் என்பது கண்ணாடித் தடுப்புப் போட்ட சிறிய அறை. கம்ப்யூட்டர் ஒன்று உறை போட்டு மூடப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. கணக்கருக்குக் கையால் எழுதினால்தான் எழுத்து. சோப்புத்தூளும் வெளுப்புத் திரவமும் சப்ளை செய்கிறவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்து பாதி எழுந்த நிலையில் இருந்தார். அவர் சட்டையிலிருந்து வந்த வெளுப்பு மருந்து நெடி கண்ணைக் கரித்தது.

"வாங்கம்மா. நீங்களாவது மனுஷங்களா பதில் சொல்லுங்க. கம்பெனி கை மாறப்போகுதாம், என் பாக்கி என்ன ஆச்சு? புதுசா வர்றவன், எனக்குத் தெரியாதுன்னு கையை விரிப்பான். நான் போய் ஆத்துல சோப்பைக் கரைக்கவா?"

"இருங்க, பார்க்கலாம்."

லெட்ஜரைத் திறந்தாள். பக்கங்களின் மூலை எல்லாம் மஞ்சளாக, மெழுகு பூசினாற்போல் பளபளத்தன. கணக்கர் விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். இருபது வருஷ எச்சில். சீழையும் ரத்தத்தையும் தொட்ட கைதான் அவளுடையது. ஆனாலும் அந்த மூலையைத் தொடக் கூசியது. பென்சில் முனையால் தள்ளித் தள்ளிப் புரட்டினாள்.

சோப்புக்காரர் பக்கம் வந்தது. கடைசியில் நின்ற தொகை வலது பக்கம்.

"ரெண்டு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். வலது பக்கம் நிக்குது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "அப்போ நீங்கதானே எங்களுக்குத் தரணும்?"

சோப்புக்காரர் முழுதாக எழுந்துவிட்டார்.

"என்னது? சோப்பும் கொடுத்து, காசும் நானே கொடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"வலது பக்கம் நின்னா..."

"இது யாரு புக்கு? உங்க கம்பெனி புக்கு. உங்க புக்குல என் பேருக்கு வலது பக்கம் நின்னா, கிரெடிட் பேலன்ஸ். நான் சரக்கு கொடுத்திருக்கேன், நீங்க எனக்குத் தரணும். யார் பேருக்காவது இடது பக்கம் நின்னா டெபிட் பேலன்ஸ். அவங்க உங்களுக்குத் தரணும். பாருங்க, இது என் நோட்டு." பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டை எடுத்து விரித்தார். "அதே ரெண்டு முப்பத்தஞ்சு. இதுல உங்க பேருக்கு இடது பக்கம். ஒரே பணம்தான். நீங்க கொடுக்கணும், எனக்கு வரணும். சந்தேகம்னா உங்க ஹோட்டல் பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினாள். ஹோட்டல்காரன் அவர்களுக்குப் பணம் தரவேண்டியவன் என்பது அவளுக்கே தெரியும். மாதா மாதம் பில்லுக்குத் துணி எண்ணிக்கை கொடுப்பவள் அவள்தானே. பில் தொகை எல்லாம் இடது பக்கம் விழுந்திருந்தது. அவன் செக் கொடுத்த நாளில் எல்லாம் வலது பக்கம் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் நிலுவை இறங்கியிருந்தது.

மறுபடி சோப்புக்காரர் பக்கம். அவருக்குக் கம்பெனி பணம் கொடுத்த நாளில் எல்லாம் இடது பக்கம் ஒரு வரி. அதற்கும் நிலுவை இறங்கியிருந்தது.

கடன் எந்தப் பக்கம் நிற்கிறதோ, கட்டுகிற பணம் அதற்கு எதிர்ப்பக்கம் விழும். விழுந்தால் குறையும். இதிலென்ன பெரிய சூத்திரம்! துணி வந்த எண்ணிக்கையும் போன எண்ணிக்கையும் மாதிரி.

மூத்தவளின் கை தானாகவே முன்பக்கமாகப் போயிற்று. அங்கே ஒரு பேர் உண்டு. அந்தப் பக்கத்தை ஏழு வருஷமாக அவள் திறந்ததில்லை. கடன்காரன் என்று அவரைப் பார்க்க மனசு வந்ததில்லை.

முதல் வரி. வலது பக்கம். பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.

அடுத்த மாதம் அவள் பாதிச் சம்பளம், எட்டாயிரம். அதுவும் வலது பக்கம். அதற்கடுத்த மாதம் எட்டாயிரம், வலது பக்கம். வருஷக் கடைசியில் வட்டி, அதுவும் வலது பக்கம்.

பென்சிலால் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினாள். நிலுவை முப்பத்தொரு லட்சத்து அறுபதாயிரம்.

சோப்புக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அட, நல்ல தொகையா இருக்கே! கம்பெனி விக்கறதுக்குள்ள வாங்கிடுங்கம்மா. எப்போ வாங்கறதா இருக்கீங்க?"

"வாங்கறதா? நாங்க கொடுக்கணும்."

சோப்புக்காரர் சிரித்துவிட்டார். "என் தொகையும் வலது பக்கம், இவர் தொகையும் வலது பக்கம். எனக்குக் கம்பெனி தரணும்னா இவருக்கும் கம்பெனிதான் தரணும். அது இவர் போட்ட முதல். அப்படி இல்லன்னா நான் உங்களுக்கு ரெண்டு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் தரவேண்டியவன் ஆயிடுவேன். தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"

சிரிப்பு பாதியில் நின்றது. மூத்தவளின் முகத்தைப் பார்த்தவர், நோட்டை மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டு, "நான்... அப்புறமா வரேம்மா" என்று நழுவினார்.

ஏழு வருஷம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். "எவ்வளவு குறைஞ்சிருக்கு தம்பி?" ஒரே பதிலைத்தான் வாங்கியிருக்கிறாள். "வட்டி இருக்கே அண்ணி. வட்டிக்கே சரியாப் போகுது."

குறையாது. எப்படிக் குறையும்? அவள் கட்டியது கடனே இல்லையே. கொடுக்கக் கொடுக்க ஏறிக்கொண்டே போயிருக்கிறது, அவளுடைய பணம்.

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து நின்றாள். வெளியே உலர்த்தும் இயந்திரத்தின் வெந்த காற்று முகத்தில் அடித்தது. அதுவே மேலாக இருந்தது.

"அக்கா, தண்ணி தரட்டுமா?"

இளையவள் மேஜையின் அந்தப் பக்கம் அசையாமல் நின்றிருந்தாள். சோப்புக்காரர் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். ஆச்சரியப்பட்ட முகமாக அது இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் புக்கு படிக்கத் தெரியாதுக்கா."

"புக்கைக் கேக்கலை. உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரிஞ்சு மட்டும் நான் என்ன செஞ்சிருக்க முடியும்?"

"ஓ" என்றாள் மூத்தவள். "அப்போ தெரியும்."

"அக்கா, நானா சொன்னேன் அவர்கிட்ட? ஒரு தடவை கேட்டேன். உனக்குக் குடும்பம் நடத்தத் தெரியுமா, தொழில் நடத்தத் தெரியுமான்னு தட்டு பறந்துச்சு. நான் பாட்டுக்கு..."

"நீ பாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டே. தினமும் வாசல்ல வந்து, அக்கா சாப்பிட்டீங்களான்னு கேட்டே. ஏழு வருஷம்."

இளையவள் கைக்குட்டையைக் கசக்கினாள். அதிலிருந்து வந்த ரோஜா வாசனை மூத்தவளுக்கு அந்த நிமிஷம் ஆஸ்பத்திரி மூட்டையைவிட மோசமாக இருந்தது.

ஒரு மணிக்குக் கணக்கர் வந்தார். நெற்றியில் மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் குடை. தன் நாற்காலியில் மூத்தவள் உட்கார்ந்திருப்பதையும், லெட்ஜர் திறந்திருப்பதையும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் ஒரே பார்வையில் பார்த்தார். குடையை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி அறையைச் சுற்றி வந்தார்.

"உக்காருங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் சம்பளத்தை எந்தப் பக்கம் எழுதினீங்க?"

"கிரெடிட் பக்கம்தாம்மா. அதுதானே முறை. கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய சம்பளத்தைத் தரலை. தராததை உங்க வீட்டுக்காரர் முதலோட சேர்த்து வரவு வெச்சேன். ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் பார்த்து ஒப்பம் போட்டிருக்கார்."

"அப்போ அது கடனில்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"கணக்கு எழுதறவனுக்குத் தெரியாதாம்மா?" என்றார். கொஞ்சம் அடிபட்டாற்போல் கூட இருந்தது குரல். "நான் எழுதினதுல ஒரு எழுத்து தப்புக் காட்டுங்க, பார்க்கலாம். ரெண்டு பக்கமும் ஒரு காசு வித்தியாசம் இல்லாம நிக்கும்."

"எழுத்துல தப்பில்லை சார். பக்கத்து அறையில ஒருத்தி மலமும் மூத்திரமும் பட்ட துணியைப் பிரிக்கிறா, இல்லாத கடனுக்குன்னு. நீங்க மாசாமாசம் அவ கையில பாதிச் சம்பளக் கவரைக் கொடுத்து, கையெழுத்து வாங்கினீங்க. 'கடன் கழிக்கிறீங்க, நல்லது'ன்னு ஒரு தடவை வாயால வேற சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

கணக்கர் லெட்ஜர் பக்கத்தைப் புரட்டக் கை நீட்டினார். பழக்கதோஷத்தில் விரல் நாக்குக்குப் போயிற்று.

"அந்தக் கையை வாயில வைக்காதீங்க!" என்று கத்தினாள் மூத்தவள். அவளே திடுக்கிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. இஸ்திரி உருளையில் நின்ற பெண்கள் இரண்டு பேர் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்றார் கணக்கர், தரையைப் பார்த்து.

எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. அதை யாரும் மூத்தவளிடம் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொழுந்தன் வந்தான். புதுச் சட்டை, காகித உறை, அறையை நிரப்பிய அத்தர் வாசனை. கையில் இனிப்புப் பெட்டி வேறு.

"என்ன அண்ணி, இங்கேயே வந்து உக்காந்துட்டீங்க? நல்லதுதான். அந்த அறைக்கு இனிமே போகவேண்டாம் பாருங்க. இந்தாங்க, இங்கே ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒண்ணு. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கறவங்க வர்றாங்க."

"எதுக்குத் தம்பி என் கையெழுத்து?"

"சொன்னேனே, உங்க கடன்..."

"என் கடனைத் தள்ளுபடி பண்ண உங்க கையெழுத்து போதாதா? தள்ளறவர் நீங்கதானே?"

கொழுந்தனின் பேனா நீட்டிய கை நின்றது. கணக்கரைப் பார்த்தான். கணக்கர் குடையைப் பார்த்தார்.

"வாங்க வர்றவன் புக்கைப் பார்த்திருப்பான்" என்றாள் மூத்தவள். "செத்துப்போன பங்காளி பேர்ல முப்பத்தொரு லட்சம் வலது பக்கம் நிக்குதே, அவர் சம்சாரம் வந்து கேட்டா யார் கொடுக்கறதுன்னு கேட்டிருப்பான். வேண்டாம்னு அவகிட்ட எழுதி வாங்கிட்டு வான்னு சொல்லியிருப்பான். சரியா?"

"யாரு அண்ணி உங்களுக்கு இதெல்லாம்..."

"சோப்புக்காரர்."

"சோப்புக்காரனா!" அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி, உக்காந்து பேசலாம். அண்ணன் போனப்போ கம்பெனி இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது. அந்தப் பதினெட்டு லட்சத்தை எடுத்துக் கொடுத்திருந்தா மெஷினை வித்திருக்கணும். முப்பது பேர் தெருவுல நின்னிருப்பாங்க."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, வெச்சுக்கோங்க தம்பி, இருக்கும்போது கொடுங்கன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா இல்லையா?"

சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டால் கிடைத்திருக்கும் ஒன்றை அவன் ஏமாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அருவருப்பாக இருந்ததே அதுதான்.

"சரி, கம்பெனிக்குக் கஷ்டம். என் சம்பளத்துல பாதி எதுக்குப் பிடிச்சீங்க?"

"பிடிச்சேன். எழுதி வெச்சிருக்கேன் இல்ல? ஒரு காசு விட்டுப்போச்சா? வட்டி கூடப் போட்டிருக்கேன்!"

"எழுதி வெச்சுட்டா சரியாப் போச்சா?"

"நீங்க வீட்டுல சும்மா உக்காந்திருந்தா அண்ணனை நினைச்சு நினைச்சுப் பைத்தியம் பிடிச்சிருக்கும் அண்ணி. ஒரு வேலைன்னு இருக்கட்டும்னுதான்..."

"வேலைன்னா இந்த மேஜையில கொடுத்திருக்கலாமே? பில் போடச் சொல்லியிருக்கலாமே?" கேட்டவள், தானே பதிலையும் கண்டுபிடித்துவிட்டாள். "கொடுக்கமாட்டீங்க. இங்கே உக்காந்தா புக்கைப் பார்த்திருப்பேன். யாரும் எட்டிப் பார்க்காத அறையாப் பார்த்துத்தான் என்னை உக்காரவெச்சீங்க."

இனிப்புப் பெட்டியின் நெய் காகிதத்தில் கசிந்து மேஜை மேல் வட்டமாகப் பரவியிருந்தது. கொழுந்தன் அதைக் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்துக்கொண்டே, "அஞ்சு லட்சம் தரேன்" என்றான்.

அவள் இனிப்புப் பெட்டியை லெட்ஜரிலிருந்து தள்ளி வைத்தாள்.

"எட்டு. நாளைக்கே ரொக்கமா."

லெட்ஜரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பத்து அண்ணி. அதுக்கு மேல என்னால முடியாது. நம்ம குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்."

"என் பணத்தை வெச்சுக்கிட்டு என்கிட்டயே பேரமா? ஆஸ்பத்திரித் துணியில இருக்கிற புழுவுக்குக் கூட இந்தத் தைரியம் வராது தம்பி." அவள் குரல் உயரவில்லை. காகித உறையை இரண்டு விரலால், கையுறை இல்லாத குறை தெரிய, அவன் பக்கம் தள்ளினாள். "இந்தப் பக்கத்தை முடிக்கறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. கணக்கர் இடது பக்கம் ஒரு வரி எழுதணும். முப்பத்தொரு லட்சத்து அறுபதாயிரம், கொடுத்ததுன்னு. கொடுத்துட்டு எழுதணும். எழுதினதும் நிலுவை பூஜ்யம் ஆகும். அப்போ நீங்க நீட்டற காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இந்தப் புக்கு என்கிட்ட இருக்கும்."

லெட்ஜரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கொழுந்தன் பாய்ந்து மறுமுனையைப் பிடித்தான்.

"அது ஆபீஸ் புக்கு அண்ணி!"

"ஆபீஸ்ல பாதி என்னோடது."

ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள். ஐம்பது வயதுக்காரர்கள் இருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரு நோட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்கு வெளியே உருளை நின்றுபோயிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க" என்றது ஒரு குரல்.

இளையவள். மூலையில் இருந்தவளை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

"நீ சும்மா இரு!"

"இவ்வளவு நாள் சும்மாதான் இருந்தேன். விடுங்க, கொண்டுபோகட்டும். வீட்டுக்கு வந்து தட்டைப் பறக்கவிடுங்க, பரவாயில்லை."

அவன் கை தளர்ந்தது. ஆனால் மூஞ்சியில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. தோற்றுப்போகிறவன் கடைசியாகக் கையில் கிடைத்ததை எடுத்து எறிவதற்கு முன் வருமே, அந்த இளிப்பு.

"கொண்டு போங்க அண்ணி. நல்லாப் படிங்க. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்தா போதுமா? நடுவுல போன வருஷத்துப் பக்கம் இருக்கு. அதுல இடது பக்கம் மூணு வரி இருக்கு. உங்க பணம்தானே அது? அதுலேருந்து எடுத்தது யாருன்னும் பார்த்துக்கோங்க."

"யாரு எடுத்தது?"

"சார், அந்த வவுச்சரை எடுத்துக் காட்டுங்க. ஒரு எழுத்து தப்பில்லாம எழுதறவராச்சே."

கணக்கர் கோப்பு ஒன்றை எடுத்து விரித்தார். மூன்று சீட்டுகள். கடை முன்பணம், இரண்டு லட்சம். நாற்காலி, நிலைக்கண்ணாடி, ஒன்றரை லட்சம். பெயர்ப் பலகை, விளக்கு, எழுபத்தையாயிரம். ஒவ்வொன்றின் அடியிலும், பணம் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.

கடைசி எழுத்தை வால் மாதிரி மேலே சுழற்றிவிடும் அந்தக் கையெழுத்தை, ஐந்தாம் வகுப்பில் மகள் ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகியபோது மூத்தவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள்.

"என்ன சொல்லி அவளுக்கு இந்தப் பணத்தைக் கொடுத்தீங்க?"

"அதை அவகிட்டயே கேளுங்க அண்ணி."

தெருமுனை வரை நடந்தது அவளுக்கு நினைவில்லை. வெயில் சாய்ந்து கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா ஆசையாகக் கொடுக்கிறார் என்று வாங்கியிருப்பாள் என்றது ஒரு மனசு. அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும், சொல்லாதே என்று அவன் சொல்லியிருப்பான், சின்னப்பெண், நம்பியிருப்பாள். மனசு சொல்லச் சொல்ல, கக்கத்தில் லெட்ஜர் கனத்துக்கொண்டே போயிற்று. பாங்க் லோன் என்று மகள் சொன்னாளே. தவணை கட்டணும்மா என்று மாதக் கடைசியில் அலுத்துக்கொண்டாளே.

அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். தலைச்சாய நெடியும் வாசனைத் தைலமும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைத்தன. வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. மகள் மூன்று நிலைக்கண்ணாடிகளில் நடுவில் இருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள்ளேயே அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள்.

அப்புறம் அவள் பார்வை அம்மாவின் கக்கத்துக்கு இறங்கியது. அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது.

இது என்ன புத்தகம் என்று கேட்கவேண்டும் அவள். மூத்தவள் அந்தக் கேள்விக்காகத்தான் வாசலிலேயே காத்து நின்றாள். ஏழு வருஷத்தில் எதற்கும் இப்படிக் காத்ததில்லை. ஏதும்மா இது, என்னம்மா தூக்கிட்டு வந்திருக்கே, என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டுவிட்டால் போதும், இந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது.

மகள் துணியை மடித்து வைத்தாள். திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம் வரைக்கும் பார்த்தேம்மா?"